ஒரு சொட்டும் குறையவில்லை

எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குகிறவர்கள், அது எரிந்த காரணத்தையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். "லோ வோல்டேஜுல போயிருச்சுக்கா" என்பார் ஒருவர். "இடி விழுந்துச்சு ராத்தா, அன்னைக்கே நின்னுபோச்சு" என்பார் இன்னொருவர். கடைக்கார அக்கா எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"யாரு சொன்னா?"

பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். போல்ட்டுகளைக் கழற்றி, மூடியைத் தட்டி எடுத்து, கருகிய காயிலை நகத்தால் நிமிண்டி மோந்து பார்ப்பார். ஒருமுறை இடி விழுந்ததாகச் சொல்லப்பட்ட மோட்டாருக்குள்ளிருந்து ஒரு கருகிய ஓணானை இரண்டு விரலால் தூக்கி, கொண்டுவந்த ஆளின் உள்ளங்கையிலேயே வைத்தார். "இந்தாங்க, ஒங்க இடி."

அறந்தாங்கியிலிருந்து நாகுடிப் பக்கம் போகிற வழியில், எங்கள் சிற்றூர்க் கடைத்தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர் அவர். தெருவில் பாதிப் பேருக்கு ராத்தா, மீதிப் பேருக்கு அக்கா. எனக்கு அக்கா. பெயரை எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால், "நடந்தது நடந்த மாதிரியே எழுதுவியா?" என்று திருப்பிக் கேட்பார். உன் பங்கையும் எழுதுவாயா என்று அதற்கு அர்த்தம். அதனால் பெயரை விட்டுவிட்டு என் பங்கை எழுதுகிறேன்.

கடை அவருடைய கணவர் ஆரம்பித்தது. அவர் சவூதியில் தமாமுக்கு வேலைக்குப் போனதும் கடையைப் பூட்டிவிடச் சொன்னார்கள், அக்காவின் மாமனார் வீட்டார். பூட்டவில்லை. கணவரே போனில் சொன்னார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே, "பூட்டணும்னா நீங்க வந்து பூட்டுங்க" என்றார். அவர் வரவில்லை. அக்காவின் நீல முக்காட்டுத் துணியில் எப்போதும் வார்னிஷ் வாசனை இருக்கும்.

நான் அப்போது பாசன அலுவலகத்தில் தற்காலிக லஸ்கர். எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிற கிளை வாய்க்காலின் ஷட்டரை ஏற்றி இறக்குவதும், கோடு போட்ட கல்லைப் பார்த்துத் தண்ணீர் உயரத்தை நோட்டில் எழுதுவதும், கரை உடைந்தால் ஓடுவதும் என் வேலை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை வந்து, கல்லணைக் கால்வாயில் இறங்கி, தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் பாய்ந்து முடித்து, மிச்சம்தான் எங்களிடம் வரும். எங்களுக்கும் கீழே இருக்கிறவர்கள் கடைமடைக்காரர்கள். மிச்சத்தில் மிச்சம் அவர்களுக்கு.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். சாயந்தரம் ஆறு மணிக்குப் போனால் ஒன்பது வரை திரும்பாது. வைண்டிங் மெஷின் பாதிச் சுற்றில் நின்றுவிடும். ஜெனரேட்டர் வாங்கச் சொன்னார்கள். அக்கா ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு வாய்க்கால் கரைக்கு வந்தார்.

கடைத்தெருவின் பின்னால், வாய்க்கால் ஓரிடத்தில் ஒரு ஆள் மார்பளவு உயரத்திலிருந்து சட்டென்று கீழே விழும். நிலம் சரிகிற இடத்தில் கரை அரிக்காமல் இருக்க அப்படிப் படியாகக் கட்டியிருப்பார்கள். நாங்கள் அதை டிராப் என்போம். அக்கா அதன் பக்கச்சுவரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என்னவென்று கேட்டேன்.

"இந்தத் தண்ணி விழுறப்ப எம்புட்டுச் சத்தம் போடுது பாத்தியா? மேல இருந்து வர்ற தண்ணிக்கு ஒரு தெம்பு இருக்கு தம்பி. அதைக் கல்லுல மோதி, சத்தமாவும் நொரையாவும் தொலைச்சிட்டுப் போகுது. குறுக்க ஒரு சக்கரத்தை வெச்சா அந்தத் தெம்பு நமக்கு."

"அக்கா, இது அணையில செய்யிற வேலை. வாய்க்கால்ல நடக்காது."

"யாரு சொன்னா? எம்புட்டு ஒசரம் விழுது, எம்புட்டுத் தண்ணி விழுது, ரெண்டையும் பெருக்கு. மேட்டூர்லயும் அதே கணக்குதான். அங்க பெரிய கணக்கு, இங்க சின்னக் கணக்கு."

கேபிள் சுற்றிவருகிற மர உருளையின் இரண்டு பக்கத் தட்டுகள், அகப்பைபோல் வளைத்த இரும்புத் தகடுகள், மூடிப்போன ரைஸ்மில்லின் பெல்ட்டும் புல்லியும். இவ்வளவுதான் சக்கரம். அதோடு ஒரு பழைய மூன்று எச்பி மோட்டாரைக் கோத்தார். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுற்றும், அதையே நாம் வேகமாகச் சுற்றிவிட்டால் கரண்ட் கொடுக்கும் என்றார். அதற்காகக் கெப்பாசிட்டர்களை வைத்து ஏதோ செய்தார். சக்கரம் சுற்றியது. பல்ப் எரியவில்லை. ஒரு வாரம் எரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தினமும் ஒரு நடை வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் என் பைக்கின் பேட்டரியைக் கழற்றச் சொன்னார். "மோட்டாருக்குள்ள இருக்கிற இரும்புல கொஞ்சமாச்சும் காந்தம் மிச்சம் இருக்கணும். இது ரொம்ப நாள் சும்மா கெடந்து எல்லாத்தையும் மறந்துருச்சு" என்று, பேட்டரி வயரை காயிலில் ஒரு நொடி தொட்டு எடுத்தார். சக்கரத்தைத் திறந்துவிட்டோம். பல்ப் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்து எரிந்தது. அக்கா சிரிக்கவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்து நின்றார், அவ்வளவுதான்.

மூன்றாவது டியூப் லைட்டைப் போட்டதும் எல்லாம் மங்கியது. தண்ணீரைக் கூட்ட முடியாது. உயரத்தைக் கூட்டலாம். டிராப்பின் தலைச்சுவரில் பலகை இறக்குவதற்கென்று பழைய காலத்திலேயே காடி வெட்டியிருந்தது. காலையிலேயே மூன்று பலகைகளை இறக்கினால் தண்ணீர் மேலே தேங்கும். சாயந்தரம் கரண்ட் போகிற நேரத்துக்கு நடுப்பலகையின் வாயைத் திறந்தால், பீறிக்கொண்டு வந்து சக்கரத்தில் அறையும். சின்னதாக ஒரு அணைதான்.

காடியில் பலகை போட என் அனுமதி வேண்டும். எனக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரமே கிடையாது. கொடுத்தேன்.

டீக்கடை, மருந்துக்கடை, பஸ் நிற்கிற இடம், பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டிப் பக்கம், அக்காவின் வைண்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் கரண்ட் வந்தது. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் இருண்டு கிடக்க, எங்கள் கடைத்தெரு மட்டும் வெளிச்சமாக இருந்தது. நான் டீ குடித்தால் பக்கத்தில் இருப்பவர் அதைத் தன் கணக்கில் சொல்லிவிடுவார். லஸ்கரை யாரும் அதுவரை அப்படிக் கவனித்ததில்லை.

உதவிப் பொறியாளருக்குச் செய்தி போய், ஒரு நாள் சாயந்தரம் ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டம் கூடிவிட்டது.

"யாரைக் கேட்டும்மா இதை வெச்சீங்க? இது அரசாங்கத் தண்ணி."

"தண்ணி அரசாங்கத்தோடதுதாங்க சார். நான் எடுத்துக்கிட்டேனா? சக்கரத்தைத் தொட்டுட்டு அது பாட்டுக்குக் கீழ போகுது. பொகை இல்ல, சாம்பல் இல்ல. ஒரு சொட்டு கொறஞ்சிருந்தாச் சொல்லுங்க, இப்பவே கழட்டுறேன். அளந்து பாருங்க."

அவர் அளந்தார். சக்கரத்துக்கு மேலே, ஷட்டர் வழியாக எவ்வளவு வருகிறது என்று பார்த்தார். கீழே இறங்கி எவ்வளவு போகிறது என்று பார்த்தார். கீழேதான் அதிகம். தேங்கிய தண்ணீரும் சேர்ந்து போகிற நேரம் அது. இதே இடத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றிருந்தால் வேறு கணக்கு வந்திருக்கும். அது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"சரி, இந்த சீசன் முடியிற வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். கடைத்தெரு விசில் அடித்தது. அக்கா மட்டும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்த முகம்தான். ஆனால் ஒரு அதிகாரி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கடைமடையில் நான்கு ஏக்கர் வைத்திருந்த பாக்கியம் என்ற அம்மா, அதற்கு முன்பே என்னிடம் இரண்டு தடவை வந்திருந்தார். சம்பா நெல் தண்டு உருண்டு சூல் பிடிக்கிற நேரம். "தண்ணி எங்க பக்கம் எட்டவே இல்லையே தம்பி" என்றார். நான், "மேல இருந்தே கம்மியாத்தாம்மா வருது. கல்லணையிலயே கொறைச்சுட்டாங்க" என்றேன். நாக்கு கூசவில்லை. நான் சொன்னதை நம்பித் திரும்பிப் போனார். இரண்டு தடவையும்.

மூன்றாவது தடவை என்னிடம் வரவில்லை. நேராக வைண்டிங் கடை வாசலில் வந்து நின்றார். நான் எதிர்க்கடையில் இருந்தேன்.

"ஒங்க லைட்டு எங்க தண்ணியக் குடிக்குது" என்றார் பாக்கியம்.

"யாரு சொன்னா?"

"என் வயலு சொல்லுது."

அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அக்கா அதற்கு முன் கேட்டிருக்கவே மாட்டார். கையிலிருந்த ஸ்பேனரை வைத்தார். கடை ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "வாங்க, போய்ப் பாப்போம்" என்று பாக்கியத்தோடு கரைமேல் நடக்க ஆரம்பித்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஏனோ போனேன்.

டிராப்பைத் தாண்டியதும் அக்கா நின்றுவிட்டார். வாய்க்காலின் அடிமண் தெரிந்தது. நடுவில் தட்டையாகக் கிடந்த குட்டைகளில் கெண்டைக் குஞ்சுகளும் கெளுத்தியும் முதுகு தெரியத் துடித்தன. சுற்றிலும் வெள்ளையாகக் கொக்குகள். மத்தியானமானால் கொக்கு வந்து இறங்குகிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வோம். எதற்கு இறங்குகிறது என்று போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

"தெனமுமா?" என்றார் அக்கா.

"தெனமும்" என்றார் பாக்கியம்.

மேலே தேக்கிய இடத்தில் நின்ற தண்ணீர் பாசி பிடித்து நாறத் தொடங்கியிருந்ததும், வண்டல் எல்லாம் பலகைக்குப் பின்னால் படிந்து வாய்க்கால் மேடாகிக்கொண்டிருந்ததும், கரைவழியே ஊறிப் பக்கத்துக் கடலைக் கொல்லையில் ஈரம் கட்டியதும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்ததால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாக்கியத்தின் வயல் வெடிப்பு விட்டிருந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்தார். "சாயந்தரம் தெறந்துவிடுவாங்கள்ல. வரட்டும், பாப்போம்." நாங்களும் உட்கார்ந்தோம். பாக்கியம் தூக்குவாளியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார்.

வழக்கம்போல் ஐந்தரைக்கு டீக்கடைக்காரர் பலகை வாயைத் திறந்திருப்பார். பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீரின் நாக்கு தெரிந்தது. நுரையும் சருகுமாக மெல்ல வந்தது. பகலெல்லாம் காய்ந்த வாய்க்கால் தனக்கு வேண்டியதை முதலில் குடித்துக்கொண்டது. மேல்மடைகள் தங்கள் பங்கை இழுத்துக்கொண்டன. பாக்கியத்தின் மடைக்கு இரண்டு வயல் முன்னால் அந்த நாக்கு நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணுக்குள் போய்விட்டது.

அக்கா எழுந்து போய், ஈரம் முடிந்த இடத்தில் ஒரு குச்சியைக் குத்தினார்.

"ஒரு சொட்டும் கொறையல தம்பி" என்றார். "நான் அந்த சார்ட்ட சொன்னது பொய்யில்ல. ஆனா நேரத்தை மாத்திப்புட்டேன். மெல்ல மெல்ல நாளெல்லாம் வந்தாத்தான் இங்க வந்து சேரும். நான் எனக்கு வேணுங்கிற மூணு மணி நேரத்துல அதை வாரி எறைச்சிட்டேன்."

பிறகு பாக்கியத்தைப் பார்த்து, "இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?" என்றார்.

"மேலயே கம்மின்னு நெனச்சேன்."

"யாரு சொன்னா?"

பாக்கியம் என்னைக் கை காட்டவில்லை. வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. திரும்பி வருகிற மூன்று கிலோமீட்டரும் எனக்கு முன்னாலேயே நடந்தார். கடைத்தெரு வெளிச்சம் தெரிகிற வளைவில் நின்று சொன்னார்: "ஒன் பொய்ய நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். அது என் வேலையில்ல. ஒனக்குத்தான் வாய் இருக்கே."

மறுநாள் காலையில் மூன்று பலகைகளையும் அவரே உருவிக் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். சாயந்தரம் கடைத்தெருக்காரர்கள் வேறு பலகைகளோடு வந்தார்கள். அக்கா அதற்கு முன்பே வந்து, காடியை அடைத்தாற்போல் தலைச்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு விழுந்தது.

"எந்திரிங்க ராத்தா. வியாபார நேரம்" என்றார் டீக்கடைக்காரர்.

"வைக்க விட மாட்டேன்."

"நாலு ஏக்கருக்காக ஒரு தெருவே இருட்டுல கெடக்கணுமா?"

"ஒனக்கு நாலு ஏக்கரு. அவளுக்கு அதுதான் எல்லாமே."

"இது நீங்க செஞ்ச சக்கரம். நீங்களே மறிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"

"நான் செஞ்சதுனாலதான் மறிக்கிறேன். வேற எவனாச்சும் செஞ்சிருந்தா இந்நேரம் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

கடைக்கு இனி யாரும் மோட்டார் கொண்டுவர மாட்டார்கள் என்றார்கள். தமாமுக்குப் போன் போட்டார்கள். அக்காவின் மாமனார் வந்து கரையில் நின்று கத்தினார். அக்கா எழுந்திருக்கவில்லை. மூன்று சாயந்தரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவருடைய உதடு நீலம் பூத்துவிட்டது. அன்றைக்கு நான் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போய்ச் சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இங்க என்ன வேலை? மொதல்ல அங்கிட்டுப் போ."

போனேன். பாக்கியம் களத்துமேட்டில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பொறியாளர் வந்தபோது வாயை மூடிக்கொண்டது உட்பட. அவர் கேட்டுவிட்டு, "தெரிஞ்சா நீ சொன்ன?" என்று மட்டும் கேட்டார். "தெரிஞ்சுதான்." மண்வெட்டியை எடுத்துக் கொடுத்து, வாய்க்காலில் கோரை அடைத்திருந்த இடத்தைக் காட்டினார். பொழுது இருக்கும்வரை வெட்டினேன். அடுத்த நாள் அலுவலகத்தில் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். தற்காலிக வேலைதானே, நிறுத்துவதற்கு அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகு கடைத்தெருக்காரர்களும் பலகை தூக்கிக்கொண்டு வரவில்லை.

பாக்கியத்தின் வயலில் பாதி கதிராகியது, பாதி பதராகியது. சரியாகச் சொன்னால் பாதிக்கும் குறைவாகத்தான் தேறியது. அக்கா அறுப்பன்று போய் நின்றார். மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அறுத்துக்கொண்டிருந்தார்கள், இவரும் அரிவாளை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. பலகை இல்லாமல், தண்ணீர் தானாக விழுகிற உயரத்தில் அது சீசன் முடியும்வரை சுற்றியது. ஓரத்தில் மீன் போவதற்கு இரண்டடி இடம் விட்டு, சக்கரத்துக்குத் தண்ணீர் வரும் வாயில் கம்பி வலை கட்டினார். இரண்டு டியூப் லைட்டுக்குத்தான் கரண்ட் வந்தது. ஒன்று பஸ் நிற்கிற இடத்துக்கு, ஒன்று மருந்துக்கடைக்கு. தன் வைண்டிங் மெஷினுக்கு ஒரு கைப்பிடியை வெல்டிங் வைத்து, செம்புக் கம்பியைக் கையாலேயே சுற்றினார். கொஞ்ச நாளைக்கு வேலை வரவில்லை. பிறகு மோட்டார் எரிந்தவர்கள் வந்துதானே ஆக வேண்டும்.

பல வருடம் கழித்து அவர் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் கீரனூரில் குடியேறி, தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். அவரை நினைக்கும்போதெல்லாம் நான் அங்கே வேலை இழந்து ஒரு மாதம் கழித்து நடந்த ஒன்றுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வேனில் நாலைந்து பேரோடு வந்தார். மாசில்லாத மின்சாரம் தயாரித்த கிராமத்துப் பெண் என்று அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம். கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து வைத்திருந்தார்கள். எல்லோரும் டிராப்புக்கு வந்தோம். பேராசிரியர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி கம்மியா விழுதே. பேப்பர்ல பாத்த படத்துல பலகை இருந்துச்சே?" என்றார்.

"இருந்துச்சு. எடுத்துட்டேன்" என்ற அக்கா, எதற்காக எடுத்தார் என்பதையும் சொன்னார். கொக்கு, மீன், வண்டல், நேரம், எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நியாயம்தாம்மா. ஆனா இதை வெச்சுப் பெரிய அணைகளைத் தப்புன்னு சொல்லிட முடியாது. அதெல்லாம் வேற அளவு."

"தப்புன்னு நான் எங்க சொன்னேன்? எனக்கும் கரண்ட் வேணும் சார், நான் அதை வெச்சுத்தான் பொழைக்கிறேன். அணை பெருசுன்னா அதோட கடைமடையும் பெருசாத்தானே இருக்கும்? அதையும் ஒரு நடை போய்ப் பாத்துட்டுக் கணக்குப் போடுங்கன்னுதான் சொல்றேன்."

கேமரா வைத்திருந்தவர் நேரமாகிறது என்றார். பேராசிரியர் சிரித்து, "சரி, போட்டோவுக்கு மட்டும் ஒரு பலகையைப் போடுவோம். அஞ்சே நிமிஷம். தண்ணி நல்லா விழுற மாதிரி வந்தா அழகா இருக்கும்" என்றார்.

"போட மாட்டேன்."

"அஞ்சு நிமிஷத்துல என்னம்மா ஆயிடும்?"

"எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவ அங்கிட்டு இருக்கா" என்று அக்கா கடைமடைப் பக்கம் கையை நீட்டினார். "மூணு கிலோமீட்டரு. நடக்க முடியலைன்னா வேன் பாதி தூரம் போகும். இது மாசு இல்லாத கரண்டுன்னு அந்தப் பத்திரத்துல நீங்க எழுதியிருக்கீங்க. பாக்கியம்னு பேரு. அவகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வாங்கிட்டு வந்தா, நின்னு போட்டோவும் எடுத்துக்கிறேன்."

பேராசிரியர் பத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கரைமேல் போகிற வழியை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேன் கிளம்பியது. அறந்தாங்கிப் பக்கமாகத் திரும்பியது.

அக்கா அது மறைகிறவரை பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, கம்பி வலையில் சிக்கியிருந்த சருகுகளை வாரிக் கரையில் போட ஆரம்பித்தார்.